தற்காலிக அடைப்பு

ப்ளோவ்தீவில் பேருந்து மாற ஐந்து மணி நேரம் இருந்தது.
அதில் மூன்றரை
பல் மருத்துவரிடம் போயிற்று.

சோஃபியாவை விட்டுக் கிளம்பும்போதே
கீழ்வரிசையில், இடப்பக்கம், கடைசிக்கு முந்தையது
முணுமுணுத்துக்கொண்டிருந்தது.
வழியில் கொறித்த சூரியகாந்தி விதை ஒன்று
அதைக் கத்த வைத்துவிட்டது.

எட்டாயிரம் ஆண்டு பழைய ஊர் என்று
நிலையத்தில் யாரோ சொன்னார்கள்.
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டது
மருந்துக்கடை எங்கே என்று.

கோஸ்தாதின் என்றொருவர், கையில் ஒரு பை சிவப்பு மிளகாயோடு,
மருந்துக்கடையைத் தாண்டி இழுத்துப்போனார்
தன் மைத்துனி வெனெத்தாவிடம்.
இரண்டாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை.

நடக்கும்போதே சொல்லிக்கொண்டு வந்தார்:
இது ஏழு குன்று நகரம்,
ஆனால் எண்ணினால் ஆறுதான் வரும்.
ஏழாவதை உடைத்து உடைத்துத்
தெருவுக்குப் பாவிவிட்டோம்.
குனிந்து பார்த்தேன்.
என் செருப்பின் கீழே
மழையில் நனைந்த ஒரு குன்று
சதுரம் சதுரமாய்.

வலிக்கிறதா என்றார் வெனெத்தா.
வாய் நிறையப் பஞ்சு.
ஆமென்று தலையை மேலும் கீழும் அசைத்தேன்.
நல்லது என்று இன்னும் ஆழமாகக் குடைந்தார்.
அந்த ஊரில் அப்படி அசைத்தால்
இல்லை என்று பொருள்.
கண்ணில் நீர் வந்த பிறகுதான்
இருவருக்கும் மொழிபெயர்ப்பு விளங்கியது.
மன்னிப்புக் கேட்கச் சிரித்தார், சிரிக்க முகமூடியைக் கழற்றினார்:
அவருக்கே ஒரு முன்பல் இல்லை.

குடைந்துகொண்டே பேசுகிறவர்.
தம்பி சாக்கடைக்குக் குழி வெட்டினானாம்,
முழங்கால் ஆழத்தில் ரோமானியத் தரை.
அதிகாரிகள் வந்தார்கள், கயிறு கட்டினார்கள்,
நான்கு வருடம் வீட்டுக்குக் கழிப்பறை இல்லை.
இந்த ஊரில் எதையும் ஆழமாகத் தோண்டக் கூடாது, என்றார்,
தோண்டிக்கொண்டே.

நான் பார்த்த வரலாறு:
ஒரு கூரை, அதில் ஆட்டுத்தலை போல ஒரு ஈரக்கறை.
ஜன்னலில் எதிர்வீட்டு பால்கனி,
அங்கே ஒரு பெண் மின்அடுப்பில் மிளகாய் சுட்டுத்
தோல் உரித்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றாக,
விரலை ஊதி ஊதி.
அந்தக் கருகல் வாசம் மருந்து நெடியைத் தள்ளிக்கொண்டு
உள்ளே வந்து உட்கார்ந்தது.

இது தற்காலிக அடைப்பு, என்றார்.
ஆறு மாதம் தாங்கும். ஏழாவது மாதத்துக்கு நான் பொறுப்பில்லை.
என்னைக் கேட்காமலே
ஒரு அட்டையில் எழுதினார்:
ஏப்ரல் பதினேழு, பத்து நாற்பது.
இரண்டு மணி நேரம் எதையும் மெல்லக் கூடாது.

பேருந்துக்கு ஒன்றரை மணி நேரமே இருந்தது.
ஆக ஒரு வாய்கூடச் சாப்பிடாமல்
அந்த ஊரைவிட்டு வந்தேன்.

போகிற வழியில், கடைவீதி நடுவே, ஒரு பெரிய பள்ளம்.
உள்ளே விளையாட்டரங்கின் வளைந்த நுனி மட்டும்,
வெள்ளைக் கல் படிகள், வரிசையாக,
ஒன்றிரண்டு சொத்தை.
மீதியெல்லாம் செருப்புக் கடைக்கும்
காப்பிக் கடைக்கும் கீழே கிடக்கிறதாம்.
மேலே ஒரு பையன் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு
என் வீங்கிய கன்னத்தையே பார்த்தான்.
மரத்த உதட்டால் சிரித்தேன்.
பாதிதான் சிரித்திருக்கும்.

எடிர்னே எல்லையில் கடவுச்சீட்டை நீட்டும்போது
அட்டையும் சேர்ந்து போய்விட்டது.
காவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஏப்ரலில் திரும்பி வருகிறீர்களா?
தலையை அசைக்கத் தொடங்கி
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
வருகிறேன், என்று வாயால் சொன்னேன்.

இப்போது நவம்பர்.
கூட்டங்களில், வரிசைகளில், தூக்கம் வராதபோது
நாக்கு தானாகப் போய்
அந்தச் சிறு மேட்டைத் தொட்டுவிட்டு வருகிறது.
இன்னும் இருக்கிறது.

திட்டம் இதுதான்:
முந்தைய நாளே போய்விடுவது.
ஆறு குன்றில் ஏதாவது ஒன்றில் ஏறுவது.
சுட்ட மிளகாய், ரொட்டி, உப்புப் பாலாடைக்கட்டி,
எல்லாவற்றையும் வலப்பக்கமாக மெல்வது.
கோஸ்தாதினுக்கு என்ன வாங்கிப்போவது என்று
இன்னும் முடிவாகவில்லை.